முதலில் ஒரு செம்புக் கம்பி



"நகை செய்யக் கற்றுக்கொள்ள ஆசை, எங்கே தொடங்குவது?" என்று கேட்டு எழுதுபவர்களில் பலர் கூடவே ஒரு படமும் வரைந்து அனுப்புகிறீர்கள். ஜிமிக்கி, மாங்காய் மாலை, ஒருவர் ஒட்டியாணமே போட்டிருந்தார்! படங்கள் அழகு. ஆனால் அவற்றைக் கொஞ்ச நாள் ஓரமாக வைத்துவிட்டு, 2 மி.மீ. கனத்தில் செம்புக் கம்பி வாங்குங்கள். வெள்ளி விற்கிற விலைக்கு அதில் கை பழக வேண்டாம்.

தட்டத் தட்டக் கம்பி முரண்டு பிடிக்கும். அடிபட்ட உலோகம் இறுகும். விடாமல் அடித்தால் விரிசல் கண்டுவிடும். மங்கிய சிவப்பு ஏறும்வரை நெருப்பில் காட்டித் தண்ணீரில் போடுங்கள், மறுபடி இளகிவிடும். கொல்லுப்பட்டறையைப் பார்த்தவர்கள் இதை நம்பத் தயங்குவார்கள். பழுக்கக் காய்ச்சிய எஃகைத் தண்ணீரில் தோய்த்தால் விறைத்துப்போகும். செம்பும் வெள்ளியும் அதற்கு நேர்மாறு. வெயிலில் அந்தச் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது, நிழலான மூலையில் உட்காருங்கள். வடசேரிக் கோயில் நகை போன்ற நுட்பமான வேலையில் கைவைக்க நினைப்பவரும் தட்டுவது, காய்ச்சுவது, மறுபடி தட்டுவது என்ற இந்தப் பாடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும்.

அடுத்து மோதிரம். உள்விட்டத்தை மட்டும் கணக்கிட்டுக் கம்பியை வெட்டினால் விரலில் ஏறாது. கம்பியின் கனத்தையும் கூட்டி 3.14-ஆல் பெருக்குங்கள்: உள்விட்டம் 17 மி.மீ. என்றால், 17-உம் 2-உம் 19, ஆக ஏறக்குறைய 60 மி.மீ. வெட்டிய முனைகள் வெளிச்சம் புகாதபடி பொருந்தும்வரை அரத்தால் ராவுங்கள். வெங்காரத்தைக் குழைத்துத் தடவி, முனைகளை ஒட்டவைக்கும் வெள்ளிப் பற்றாசுத் துணுக்கு வைத்து, மோதிரம் முழுவதையும் சூடாக்குங்கள். துணுக்கின் மேல் மட்டும் தீயைக் காட்டினால் உருண்டு அங்கேயே நின்றுவிடும். சூடு இருக்கும் பக்கம்தான் பற்றாசு ஓடும். சூட்டில் கறுத்த செம்பைத் துலக்கப் புளிக்கரைசல் போதும்.

பற்றாசு வாங்கும்போது காட்மியம் கலக்காததாகக் கேட்டு வாங்குங்கள், அதன் புகை நுரையீரலைக் கெடுக்கும். காட்மியப் பற்றாசு வைத்ததை 'கேடிஎம் நகை' என்று ஒரு காலத்தில் பெருமையாக விற்றார்களே, அதற்குப் பின்னால் எத்தனை ஆசாரிகளின் இருமல் இருந்ததோ!

நகை செய்யக் கற்றுத்தரும் தொடரின் முதல் பகுதி இந்த இதழில் வருகிறது. உங்கள் மோதிரம் கோணலாக வந்தாலும் படமெடுத்து அனுப்புங்கள். அடுத்த இதழில் அதற்கென்று ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்