மாத்திரை உதிருது... சட்டம் மன்னிக்குது!



அட்டையைப் பிரிச்சதும் மாத்திரை பொடியா கொட்டுதா? மேல்பக்கம் மூடி மாதிரி தனியா கழண்டு வருதா? பொறித்த எழுத்து பாதி காணோமா?

"நீங்க வெயில்ல வச்சிருப்பீங்க" என்பார்கள். சில நேரம் அதுவும் காரணம்தான். ஆனால் மூடி கழல்வதும், எழுத்து பெயர்வதும் தொழிற்சாலைக் கோளாறு!

🔴 மூடி ஏன் கழலுது? மருந்துத் துகளை அளவு மீறி உலர்த்துவது, மாவு போன்ற தூள் அதிகமாவது, எந்திரத்தை வேகமாக ஓட்டி உள்ளே சிக்கிய காற்று வெளியேற நேரம் தராதது.

🔴 எழுத்து ஏன் பெயருது? துகள் சரியா காயல. அச்சிலேயே ஒட்டிக்கிச்சு.

🔴 பெரிய ஆபத்து கண்ணுக்கே தெரியாது. அச்சில் ஒட்டாமலிருக்க மெக்னீசியம் ஸ்டியரேட் சேர்க்கிறார்கள். அது கூடினாலோ, அதிக நேரம் கலக்கினாலோ மாத்திரைக்குள் தண்ணீர் எளிதில் இறங்காது. பார்க்க பளபளன்னு இருக்கும், வயிற்றில் சரியா கரையாது. சுகர் மாத்திரை போட்டும் சுகர் குறையலன்னா, "சாப்பாட்டுல கட்டுப்பாடு இல்ல"ன்னு திட்டு நோயாளிக்குத்தான்!

இதெல்லாம் விடை தெரியாத மர்மமா? பார்மசி மாணவர்களுக்கே பாடத்தில் இருக்கு. தெரிந்தும் நடந்தால் அது தவறல்ல, லாபக் கணக்கு!

மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதாமாதம் தரமற்ற மருந்துப் பட்டியல் வெளியிடுகிறது. 2024 ஆகஸ்ட் பட்டியலில் பாரசிட்டமால் 500 மாத்திரையும் இருந்தது. பட்டியல் வருவதற்குள் எத்தனை பேர் விழுங்கியிருப்பார்கள்?

தண்டனை? 1940-ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தின் 27(டி) பிரிவில் குறைந்தது ஓராண்டு சிறை. 2023-இல் அந்தக் குற்றத்தையும் பணம் கட்டி சமரசம் செய்துகொள்ளலாம் என்று திருத்திவிட்டார்கள். அந்தத் திருத்தச் சட்டத்தின் பெயர் 'ஜன் விஸ்வாஸ்', அதாவது மக்கள் நம்பிக்கை. யாருடைய நம்பிக்கை?

"கெடுபிடி செய்தால் சிறு கம்பெனிகள் மூடிடும்" என்கிறார்கள். சிறு கம்பெனிக்குக் கடன் கொடுங்க, ஆய்வகம் அமைத்துக் கொடுங்க. நோயாளியின் உயிரை மானியமா கொடுக்காதீங்க!

நம் கோரிக்கைகள்:
✊ 27(டி) சமரச வழியை ரத்து செய்!
✊ தோற்ற பேட்ச் எண்ணை ஒவ்வொரு மருந்துக்கடையிலும் ஒட்டு!
✊ மருந்து ஆய்வாளர் காலியிடங்களை நிரப்பு!

உங்க மாத்திரையில் சந்தேகமா? மருந்தை நீங்களா நிறுத்தாதீங்க, டாக்டர்கிட்ட கேளுங்க. அட்டையையும் பில்லையும் தூக்கிப் போடாம, பேட்ச் எண்ணோடு மருந்து ஆய்வாளரிடம் புகார் கொடுங்க.

காசு கொடுத்து வாங்குவது மருந்தை, சுண்ணாம்புக் கட்டியை அல்ல!

#தரமான_மருந்து_நம்_உரிமை