முயீன் அக்தரை 'மிமிக்ரிக்காரர்' என்போருக்கு

பாகிஸ்தான் தொலைக்காட்சி நடிகர் முயீன் அக்தரைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் இலக்கிய நண்பரொருவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அந்த மிமிக்ரிக்காரரைப் பற்றியா? காத்திரமான ஒருவர் கிடைக்கவில்லையா உங்களுக்கு?" என்றார். மூன்று கவிதைத் தொகுதிகள் தந்தவர் அவர். அவரது வார்த்தையை இலேசாக ஒதுக்கிவிட முடியாது. ஏனெனில் அது அவருடைய கருத்து மாத்திரமல்ல. அழ வைப்பவன் கலைஞன், சிரிக்க வைப்பவன் கோமாளி என்றொரு சாதிப் பிரிவினையை நாம் எல்லோருமாகச் சேர்ந்துதான் வளர்த்து வைத்திருக்கிறோம்.

நண்பர் சொன்னதில் பாதி உண்மை. முயீன் தொடங்கியது மிமிக்ரியில்தான். 1950 டிசம்பர் 24இல் கராச்சியில் பிறந்தவர், 1966 செப்டெம்பர் 6இல், பாதுகாப்பு தினத்தையொட்டி நடந்த கலைநிகழ்ச்சியொன்றில் முதன்முதலாக மேடையேறினார். பதினாறு வயதுகூட நிறையவில்லை. ஹொலிவூட் நடிகர் அந்தனி குவினைப் போலவும் ஜனாதிபதி கென்னடியைப் போலவும் பேசிக் காட்டினார். கராச்சிக்குத் தொலைக்காட்சி வந்ததும் அதே ஆண்டில்தான். அந்தப் பெட்டிக்குள் நுழைந்தவர் நாற்பது வருடங்களுக்கு மேல் வெளியே வரவில்லை.

வகுப்பில் ஆசிரியரைப் போல நடந்து காட்டும் பையனை நாம் முழங்காலில் நிறுத்துகிறோம். நம்மை அந்த வகுப்பிலேயே மிகக் கூர்ந்து பார்த்தவன் அவன்தான் என்பது, இருபது வருடம் சோக்கட்டி பிடித்த பிறகே எனக்கு விளங்கியது. போலச் செய்தலின் முதற்படி பார்த்தல். குரலைப் பிடிப்பவர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். ஒரு மனிதன் தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருக்கிறான் என்பதைப் பிடிப்பவர்கள் மிகச் சிலர்.

'லூஸ் டோக்' நிகழ்ச்சியைப் பாருங்கள். 2005இல் ஏ.ஆர்.வை. டிஜிட்டலில் ஆரம்பித்தது. பீ.பீ.சி.யின் 'ஹார்ட் டோக்' நேர்காணலைச் சீண்டும் பெயர். எழுதியவர் அன்வர் மக்ஸூத்; கேள்வி கேட்பவரும் அவரே. எதிரே ஒவ்வொரு முறையும் வேறொரு மனிதராக முயீன் அமர்ந்திருப்பார். அரசியல்வாதி, கிரிக்கெட்காரர், கவிஞர், வேலையற்றவர் என்று இப்படி நானூறுக்கு மேற்பட்ட பாத்திரங்கள். கதை நகர்வதில்லை, காட்சி மாறுவதில்லை. உட்கார்ந்த இடத்திலேயே ஒரு முழு மனிதன் உருவாக வேண்டும். முயீனின் முகம் சிரிப்பதே இல்லை. தான் சொல்லும் பொய்யைத் தானே நம்பும் ஒருவனின் கௌரவத்தோடு அவர் பதில் சொல்கிறார். சிரிப்பு வருவது அந்தக் கௌரவத்தைப் பார்த்துத்தான். இராணுவ அதிபர் முஷர்ரப் ஆட்சியிலிருந்த காலத்தில் ஆரம்பமான நிகழ்ச்சி இது என்பதையும் மறந்துவிடலாகாது. தலையங்கத்தில் எழுதினால் தலை போகக்கூடியதை, தலையில் ஒரு பொய்முடியை வைத்துக்கொண்டு சொன்னார்கள்.

எல்லாமே முத்துக்கள் என்று நான் வாதாடவில்லை. ஒரு இனத்தாரின் உச்சரிப்பை மாத்திரம் காட்டிச் சிரிப்பு வாங்கிய அத்தியாயங்களும் உண்டு. அவை மலிவானவை. நானூறு எழுதினால் அப்படியும் சில வரும். நமது கவிஞர்களின் தொகுதிகளை இந்தக் கணக்கில் பார்க்க நான் துணியமாட்டேன்.

சிரிப்பை விடுங்கள். நண்பரைப் போன்றவர்கள் 'ஹாஃப் பிளேட்' நாடகத்தையாவது பார்த்திருக்கலாம். அதுவும் அன்வர் மக்ஸூத் எழுதியதே. முயீன் அதில் வறுமைப்பட்ட உருதுக் கவிஞர். மனைவியாக காலிதா ரியாஸத். கவிதை எழுதத் தெரியும், காசு சம்பாதிக்கத் தெரியாது. ஹிந்திப் படங்களில் பழகிய என் அரைகுறை உருதுக் காதுக்கே அந்தக் கவிஞரின் வீறாப்பும் வெட்கமும் எட்டின. சிரித்துக்கொண்டே இருந்தவன் ஓரிடத்தில் நிறுத்திக்கொண்டேன். அந்த மனிதரை எனக்குத் தெரியும், நமது இலக்கியக் கூட்டங்களில் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பார்.

ஆனால் என் வழக்கின் பிரதான சாட்சி 'ரோஸி'. 1990இல் பாகிஸ்தான் அரச தொலைக்காட்சியில் வந்தது. டஸ்டின் ஹொஃப்மன் நடித்த 'டூட்ஸி' (1982) திரைப்படத்தின் தழுவல்; இம்ரான் அஸ்லம் எழுத, சாயிரா காஸ்மி நெறிப்படுத்தினார். வேலை கிடைக்காத நடிகன் ஒருவன் பெண் வேடமிட்டு ரோஸி என்ற பெயரில் தொலைக்காட்சியில் வாய்ப்புப் பெறுகிறான். ஆண் பெண் வேடமிட்டால் நமது மேடைகளில் என்ன நடக்கும்? இடுப்பை ஆட்டுவார்கள், குரலைக் கீச்சிடுவார்கள், சபை விசிலடிக்கும். முயீன் இதில் எதையுமே செய்யவில்லை. முந்தானையைச் சரிசெய்யும் கை, அறைக்குள் ஆணொருவன் நுழைந்ததும் சற்றே விறைக்கும் தோள், இடங்கொடாமல் பேசும் நாவு என்று ஒரு கண்ணியமான பெண் நம்முன்னே நடமாடுகிறாள். வேலை செய்யும் பெண்ணை ஆண்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதை அந்த ஆண் தன் மேனியில் வாங்கிக் காட்டினார்.

அந்த ஆண்டையும் கவனிக்க வேண்டும். 1977இல் ஆட்சியைப் பிடித்த ஜெனரல் ஸியாவுல் ஹக் 1988இல் விமான விபத்தில் இறக்கும்வரை, அதே தொலைக்காட்சியில் பெண்கள் தலையை மூடியே தோன்ற வேண்டும் என்று கட்டளை இருந்தது. மறுத்த மெஹ்தாப் சன்னா திரையைவிட்டு விலக நேர்ந்தது. அதெல்லாம் முடிந்து இரண்டே வருடத்தில், அதே திரையில், பெண்ணின் மானத்தைப் பற்றி ஒரு நகைச்சுவை நடிகர் பாடம் நடத்தினார். இது காத்திரம் இல்லையென்றால், நண்பரே, காத்திரம் என்பது வேறென்ன?

அரசு 1996இல் அவருக்கு 'பிரைட் ஒஃப் பெர்போமன்ஸ்' விருது வழங்கியது. முதல் மேடைக்கு முப்பது வருடங்கள் கழித்து. 'சிதாரா இ இம்தியாஸ்' 2011இல், அவர் இறந்த ஆண்டில். இருமல் சத்தம் மட்டும் கேட்கும் சோக நாடகங்களில் நடித்தவர்களைக் காத்திரமானவர்கள் என்ற உலகம், இவரைச் சிரிக்க வைத்தவர் என்ற ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டது.

நண்பர் கடைசியாக ஒன்று கேட்டார். "இந்தக் கூத்தெல்லாம் மார்க்கத்துக்கு அடுக்குமா?" ஃபத்வாச் சொல்ல நான் ஆலிமல்ல, கிராமத்துப் பள்ளிக்கூட வாத்தியார். நடந்த ஒன்றை மாத்திரம் சொன்னேன். முயீன் அக்தரின் ஜனாஸாத் தொழுகையை நடத்தியவர் ஜுனைத் ஜம்ஷீத். பாட்டுக் குழுவில் புகழின் உச்சியில் இருந்துவிட்டு, அதைத் துறந்து தப்லீக் பணியில் இறங்கியவர். 2016இல் விமான விபத்தில் வபாத்தானவர். இசையைக் கைவிட்ட அந்த மனிதர்தான் நடிகரின் ஜனாஸாவுக்கு முன்னால் நின்று தக்பீர் கட்டினார்.

நண்பர் பதில் சொல்லவில்லை. 'ரோஸி'யை ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். இன்னும் திருப்பித் தரவில்லை.