வாரிசாக வந்த படை லாரியும் "மூல வடிவம்" என்னும் சொல்லும்

பாட்டனார் படைத்துறை ஏலத்தில் எடுத்துப் பல்லாண்டு ஓட்டிய லாரி கொட்டகையில் துருவேறிக் கிடக்க, அதனைப் பெயரன் சீர்படுத்த முற்படுகின்றான் என்று வைத்துக்கொள்வோம். இம்முயற்சிக்குப் புனே நகரைவிடத் தக்க இடம் நம் நாட்டில் அரிது. தென் மண்டலப் படைத் தலைமையகமும், கட்கியிலுள்ள 512 ஆம் இராணுவத் தளப் பட்டறையும், தாபோடியிலுள்ள இராணுவப் பொறியியல் கல்லூரியும், 1966 இல் தோன்றிய இந்திய மோட்டார் வாகன ஆராய்ச்சிச் சங்கமும் அமைந்த ஊர் அது. ஆயினும் அவன் கையில் எடுக்கவேண்டிய முதற் கருவி திருகுசாவியா, குறிப்பேடா என்பதில் கருத்து வேற்றுமை உண்டு. குறிப்பேடே என்பது என் கருத்து. அரசின் விதியும் வண்டியின் மேற்பூச்சைவிட அக்குறிப்பேட்டையே மதித்தல் வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர்க்கு இப்பொருளில் ஒரு சங்கடம் உண்டு. ஆங்கிலேயர் ஒரே சொல்லால் கூறுவதைத் தமிழில் மூன்று விதமாகக் கூறலாம். செப்பனிடுதல் என்றால் ஓடச் செய்தல். புதுப்பித்தல் என்றால் புதியதுபோல் ஆக்குதல். மீட்டமைத்தல் என்றால் முன்னிருந்த ஒரு நிலைக்குத் திருப்புதல். மூன்றாவது சொல்லை ஆளும்போது, எந்த ஆண்டின் நிலைக்கு என்னும் வினா உடனே எழுகின்றது. படை லாரியைப் பொறுத்தவரை இவ்வினாவுக்கு விடை எளிதன்று.

இரண்டாம் உலகப் போரின்போது கனடா நாடு 8 இலட்சத்துக்கும் மேற்பட்ட இராணுவ மோட்டார் வண்டிகளைச் செய்து நேச நாடுகளுக்கு அளித்தது. அவற்றுள் ஃபோர்டு, செவர்லே என்னும் இரு நிறுவனங்களும் ஒரே மாதிரியாகச் செய்த, மூக்குத் தட்டையான லாரிகள் இந்தியப் படைக்குப் பெருந்தொகையாக வந்தன. வந்தவை யாவும் முழு வண்டிகளாகவே வந்தன என்று எண்ணவேண்டா. இந்திய மாதிரிக் கவச வண்டி இதற்குச் சான்றாகும். அதன் அடிச்சட்டம் கனடாவிலிருந்து வந்தது; கவசத் தகடு ஜம்ஷெட்பூரில் டாட்டா ஆலையில் உருக்கப்பெற்றது; உடலைக் கட்டியவை நம் ரயில்வே பட்டறைகள். இவ்வாறு 4,600 க்கும் மேற்பட்ட வண்டிகள் ஆயின. "டாட்டாநகர்" என்றே படைவீரர் அவற்றை அழைத்தனர். பிறக்கும்போதே பல ஊர் கலந்த பிறவி!

போர் முடிந்தபின் உபரியாக விற்கப்பட்ட லாரிகள் மரக்கூப்புகளிலும், சுரங்கங்களிலும், மலைச் சாலைகளிலும் மற்றொரு வாழ்வைத் தொடங்கின. பெட்ரோல் செலவு கட்டுப்படியாகாமல் உரிமையாளர் பலர் டீசல் எஞ்சினுக்கு மாறினர். சென்னை சிம்ப்ஸன் நிறுவனத்தார் செய்த பெர்க்கின்ஸ் எஞ்சின் இவ்வகையில் பெயர் பெற்றது. மரப்பலகை உடல் ஏறியது. படைப் பச்சையின்மேல் நீலமும் மஞ்சளும் ஏறின. இம்மாற்றங்களை வண்டிக்கு நேர்ந்த கேடு என்று கருதுவோர் உளர். சுதந்திர இந்தியாவின் தொடக்க ஆண்டுகளில் சரக்குப் போக்குவரத்து எவ்வாறு நடந்தது என்பதற்கு அவை நேர்ச் சான்றுகள் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவேண்டும்.

இனி, சட்டத்தைப் பார்ப்போம். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 இல் சேர்க்கப்பட்ட பகுதி, முதற் பதிவு நாளிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டிகளைத் தொன்மை வண்டிகள் என ஏற்கின்றது. புதிய பதிவுக்குக் கட்டணம் ரூ. 20,000, பதிவு 10 ஆண்டு செல்லும், எண்ணில் "வி.ஏ." என்னும் எழுத்துகள் வரும். கண்காட்சி, தொழில்நுட்ப ஆராய்ச்சி, தொன்மை வண்டி ஊர்வலம், எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்கன்றி அவ்வண்டியைச் சாலையில் ஓட்டலாகாது. இவ்வளவும் நன்றே. ஆனால் இவ்விதி இருசக்கர வண்டிகளையும் சொந்த உபயோகத்துக்கான நாற்சக்கர வண்டிகளையுமே மனத்திற்கொண்டது. ஜீப்பு இதனுள் எளிதில் நுழையும். அதே படைப்பிரிவில் அதன் பின்னே சென்ற சரக்கு லாரி வாசலிலேயே நின்றுவிடும்.

முதற் பதிவு என்பதிலும் சிக்கல் உண்டு. பாதுகாப்புத் துறையின் வண்டிகள் 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 60 ஆம் பிரிவின்படி தனியே பதிவாகின்றன. 1943 இல் செய்யப்பட்ட லாரி 1979 இல் ஏலம் போயிருப்பின், வாரிசின் கையிலுள்ள புத்தகம் பின்னைய ஆண்டையே காட்டக்கூடும். அதை மட்டும் நம்பினால் எண்பது வயது வண்டி ஐம்பதை எட்டவில்லையென்று ஆகிவிடும். மேலும், அடிச்சட்டம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றம் இருத்தலாகாது என்பது விதி. 1950 களில் டீசலுக்கு மாறிய லாரியின் கதி என்ன? அக்காலத்து எஞ்சினை வீசிவிட்டு, எங்கிருந்தோ கிடைத்த செவர்லே எஞ்சினைப் பொருத்தினால் அது மூல வடிவமாகிவிடுமா? உண்மையில் அது மூன்றாவது ஒரு வண்டியே.

மாற்றத்தைத் தவிர்க்கவே இயலாத இடங்களும் உள. இன்று கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் கலந்துள்ளது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். பழைய ரப்பர்க் குழாயையும் தக்கை அடைப்பையும் கெடுக்கும். ஆகவே குழாய்களை மாற்றியே தீரவேண்டும். பழைய பிரேக் பட்டையில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். பழைய வர்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும். எனவே உலர்ந்த நிலையில் சுரண்டுதல் தகாது. இரு பகுதிகளாகத் திருகிப் பிணைத்த படைச் சக்கரங்களில் காற்றை முற்றும் இறக்காமல் பிணைப்புத் திருகை அவிழ்ப்பது உயிருக்கே ஆபத்து. பிரிட்டிஷ் வழக்கில் அத்திருகுகளுக்குச் சிவப்பு வர்ணம் பூசியதன் காரணம் இதுவே. ஆர்வத்தில் இதை மறப்போர் பலர்.

விதியைத் தளர்த்தினால் போலிகள் பெருகும் என்பது எதிர்த் தரப்பின் வாதம். அதில் நியாயம் இல்லாமலில்லை. பழைய எண்தகட்டைப் புதிய சட்டத்தில் அறைந்து விற்போர் எந்நாட்டிலும் உண்டு. ஆயின் அவர்களைத் தடுப்பது பளபளக்கும் வர்ணமன்று. எந்த மாற்றம், எந்த ஆண்டில், எதன் சான்றால் என்று காட்டும் ஆவணம் இருந்தால்தான் பொய் வெளிப்படும். படையிலிருந்த பதிவையும் வயதுக் கணக்கில் சேர்ப்பது, சரக்கு லாரியையும் விதிக்குள் கொணர்வது, ஆவணமுள்ள பழைய மாற்றங்களை ஏற்பது ஆகிய மூன்றையும் அரசு செய்யுமாயின், இரும்புக் கடைக்குச் செல்லும் பல வண்டிகள் நிற்கும்.

இதில் ஆசிரியரும் களப்பணியாளரும் உதவ இயலும். மாணவர் நால்வரும் ஒரு காமிராவும் போதும். அடிச்சட்ட எண், எஞ்சின் எண், தகடுகளின் வாசகம் ஆகியவற்றை எழுதியெடுக்கலாம். கதவின் மறைவிடத்தில் ஓரங்குலச் சதுரத்தை நுண்ணிய நீர்க்காகிதத்தால் நனைத்துச் சரிவாகத் தேய்த்தால், மர வளையங்களைப் போல வர்ண அடுக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றும். செவர்லேயின் ஆறு சிலிண்டர் எஞ்சினைப் பிரிக்க நேர்ந்தால், இணைப்புத் தண்டில் வார்க்கப்பட்ட வெள்ளீய உலோகத் தாங்கியையும், எண்ணெயை அள்ளும் சிறு கரண்டியையும் மாணவர்க்குக் காட்டலாம். இக்கால எஞ்சினில் இவற்றைக் காண இயலாது. தேய்ந்த தாங்கியைத் தேதியிட்டுப் பையிலிட்டு வைக்கவேண்டும். புதியதை வார்த்த பட்டறையின் பெயரும் அருகே இருக்கட்டும். பாட்டனாரிடம் லாரி ஓட்டிய முதியவர் எவரேனும் இருப்பின், எஞ்சினை எப்போது மாற்றினர் என்று கேட்டு எழுதிக்கொள்வதை அடுத்த விடுமுறைக்குத் தள்ளலாகாது.