மாத்தியாச்சு சார், குடிக்கலாம்!

பூசலார் நாயனார் எங்கள் ஊர்க்காரர். கையில் காசில்லாமல் மனசுக்குள்ளேயே சிவனுக்குக் கோயில் கட்டி முடித்தவர். குடிதண்ணீரை அப்படி மனசுக்குள் சுத்தம் பண்ண வழியில்லை. போர்வெல் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் சுண்ணாம்பு அடித்த மாதிரி படிகிறது. ஆகவே எங்கள் தெருவில் சமையலறைக்குச் சமையலறை ஒரு ஆர்.ஓ. மிஷின். வருஷத்துக்கு ஒருமுறை தோள்பையோடு ஒரு தம்பி வருவார்.

"எல்லா ஃபில்டரும் போயிடுச்சு சார். மெம்பரேனும் மாத்தணும்."

கூடவே ஒரு வித்தை. இரண்டு டம்ளர் தண்ணீரில் கம்பிகளை முக்கி ஸ்விட்சைப் போடுவார். ஒரு டம்ளர் காபி டிகாஷன் ஆகிவிடும். "ஐயையோ, இதையா குடிச்சிட்டிருந்தோம்!" என்று அம்மா நெஞ்சில் கை வைத்தால் தீர்ந்தது, பணம் போன மாதிரிதான்.

அந்த நிறம் தண்ணீரில் இருந்த அழுக்கு அல்ல ஐயா, கம்பியின் இரும்பு கரைந்து வருவது. உப்புள்ள தண்ணீரில் மின்சாரம் ஓடும், கம்பி அரிக்கும். சந்தேகமென்றால் தெளிவாக இருக்கும் டம்ளரிலும் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு மறுபடி ஸ்விட்சைப் போடச் சொல்லுங்கள். தம்பி லேசாகச் சிரிப்பார்.

பி.காம். படித்தவன் வவுச்சர் இல்லாமல் செலவை ஒப்புக்கொள்ள மாட்டான். பேனா மாதிரி ஒரு டி.டி.எஸ். மீட்டர் கடையில் கிடைக்கிறது. உள்ளே போகும் தண்ணீர் 900, வெளியே வருவது 70 என்று காட்டினால், நூற்றுக்கு 92 உப்பு தடுக்கப்படுகிறது. மெம்பரேன் திடமாக இருக்கிறது. வெளியே வருவது 250-க்கு ஏறிவிட்டதா, மாற்றுங்கள். (ருசிக்காகப் பழைய தண்ணீரைக் கொஞ்சம் கலக்கும் திருகு சில மிஷினில் உண்டு. அதை மூடிவிட்டு அளக்கவேண்டும்.) மீட்டர் உப்பை மட்டும்தான் சொல்லும், கிருமியைச் சொல்லாது. உள்ளே வருவதே 500-க்குக் கீழே என்றால் உப்புக்காக ஆர்.ஓ. தேவையில்லை. அந்த மாதிரி இடங்களில் தடை செய்யச் சொல்லி தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019-லேயே உத்தரவு போட்டது.

இந்த மெம்பரேன் விஷயத்தில் நமக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. 1950-களின் கடைசியில் லாஸ் ஏஞ்சல்ஸில் இதை உபயோகத்துக்குக் கொண்டுவந்த இருவரில் ஒருவர் பெயர் சீனிவாச சௌரிராஜன்.

அதற்காக மண்ணைத் தடுக்கும் ஃபில்டரிலும் கார்பனிலும் கஞ்சத்தனம் கூடாது. விலை குறைந்தவை அவைதான், மெம்பரேனுக்குக் காவல்காரர்களும் அவைதான். மண் வந்தால் மெம்பரேன் அடைக்கும், குளோரின் வந்தால் அரித்துவிடும்.

தம்பி கடைசித் திருகை முடுக்கிவிட்டு, "மாத்தியாச்சு சார், குடிக்கலாம்" என்றார். அக்கா கைக்குழந்தைக்குப் பால் பவுடர் கலக்க டம்ளரை நீட்டினாள்.

"இரு அக்கா. தம்பி, கார்பன்லேர்ந்து மெம்பரேனுக்குப் போற ட்யூபைக் கழட்டி பக்கெட்ல விடுங்க."

கன்னங்கரேல் என்று வந்தது. புதுக் கார்பனின் தூள். தெளிகிறவரை ஓடவிட்டால்தான் அது மெம்பரேனில் போய் அப்பாமல் இருக்கும். மெம்பரேனும் புதுசு என்றால், கெடாமல் இருக்கப் பாதுகாப்பு மருந்தில் நனைத்து அனுப்புவதுண்டு. அதனால் முதல் இரண்டு டாங்க் தண்ணீரை, வாய்க்குக் காட்டாமல் வெளியேற்ற வேண்டும்.

"ரெண்டு டாங்கா? எனக்கு இன்னும் மூணு வீடு இருக்கு சார்."

நியாயம். ஒரு டாங்க் ரொம்ப ஒரு மணி நேரம்கூட ஆகலாம். தம்பியை அனுப்பிவிட்டு நீங்களே திறந்துவிடலாம். எங்கள் டாங்க் 8 லிட்டர். இரண்டுக்கு 16. கழிவுக் குழாயில் அதைப் போல மூன்று மடங்கு போகும். எல்லாம் சேர்ந்து அறுபது லிட்டருக்கு மேல். சிங்க்கில் விட எனக்கு மனசு வரவில்லை. பாத்ரூம், வாசல், ஸ்கூட்டர் எல்லாம் கழுவினேன். செடிக்கு மட்டும் ஊற்றவில்லை, கழிவில் உப்பு அதிகம்.

மாற்றிய தேதியை மிஷின் மேலேயே மார்க்கரால் எழுதி வையுங்கள். நான் எழுதினேன். மறுநாள் அதற்குக் கீழே அம்மா பால் கணக்கு எழுதியிருந்தார்.