அமைச்சுப் பதவி மட்டும் போதாது

1981இல் காத்தான்குடியில் ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் உருவானபோது, பெரிய கட்சிகளுக்குள் கிழக்கு முஸ்லிம்களின் குரல் எடுபடவில்லை என்ற நியாயமான மனக்குறை அதன் பின்னால் இருந்தது. இனக் கட்சி இனவாதத்தையே வளர்க்கும் என்பவர்கள், 1990இல் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் மக்களுக்காகப் பேச ஆள் தேவைப்பட்டதை மறந்துவிடுகிறார்கள். 2000இல் கட்சியின் நிறுவுனர் அஷ்ரப் மறைந்த பிறகு கட்சி துண்டு துண்டானதும், வென்றவர்கள் யாருக்கும் பதில் சொல்லாமல் போனதும்தான் என் கவலை. கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் ஜனாஸாக்களை எரிக்கும் உத்தரவு நடைமுறையில் இருந்த 2020 ஒக்டோபரில், தலைவர் ரவூப் ஹக்கீம் எதிர்த்து வாக்களித்த, ஜனாதிபதியின் அதிகாரத்தைக் கூட்டிய அரசியலமைப்பின் 20ஆவது திருத்தத்துக்கு அவருடைய கட்சி எம்.பி.க்களே ஆதரவு கொடுத்தார்கள். ஊரிடம் கேட்டா கொடுத்தார்கள்?

அமைச்சுப் பதவி இல்லாமல் அபிவிருத்தி வராது என்று சொல்வார்கள். ஒலுவில் பல்கலைக்கழகம் அப்படித்தான் வந்தது, மறுக்கவில்லை. ஆனால் அது கட்சி ஒரே அணியாக நின்று பேரம் பேசிய காலம். அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சுனாமியால் வீடிழந்தோருக்காகச் சவூதி நிதியில் கட்டிய 500 வீடுகள், வழக்கும் இழுபறியுமாகப் பூட்டிக் கிடந்து காடு மண்டியபோதும் நமக்கு அமைச்சர்கள் இருந்தார்கள். பள்ளிவாசல் நிர்வாகத்தை ஜமாஅத்தார் கேள்வி கேட்கும் ஊரில் எம்.பி.யை மட்டும் கேட்கக்கூடாதா? வேட்பாளரை ஊர்க்கூட்டம் தெரிவுசெய்யட்டும். முக்கிய வாக்கெடுப்புக்கு முன் அவர் அதே கூட்டத்துக்கு வந்து விளக்கம் சொல்லட்டும்.