'இல்லை' கடைசியில்தான் வரும்: பனியன் கம்பெனியில் சைகை மொழியைப் புரிந்துகொள்வது எப்படி?

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஓவர்லாக், பேட்லாக் மெஷின்கள் ஓடும்போது பக்கத்தில் இருப்பவரிடம் பேசவே கத்த வேண்டும். அங்கே வேலை பார்க்கும் காது கேளாத தொழிலாளர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. நாலு மெஷின் தள்ளி இருப்பவரிடமும் கையாலேயே பேசி முடித்துவிடலாம். சிக்கல் வருவது சைகை தெரியாத சூப்பர்வைசரிடம் பேசும்போதுதான்.

உதாரணத்துக்கு, 'போன வாரம் சம்பளம் வாங்கவில்லை' என்று சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இந்திய சைகை மொழியில் 'போன வாரம் - சம்பளம் - வாங்கு - இல்லை' என்ற வரிசையில் அதைச் சொல்லலாம். மறுப்புச் சைகைக்கு இடம் வாக்கியத்தின் கடைசி. கூடவே தலையும் இடவலமாக அசையும். 'வாங்கு' வரை பார்த்துவிட்டு சூப்பர்வைசர் திரும்பிவிட்டால்? சம்பளம் வாங்கியாச்சு என்றுதான் அர்த்தமாகும்.

தமிழிலும் 'இல்லை' கடைசியில்தானே வருகிறது என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் பேச்சு என்றால், முதுகைக் காட்டி நின்றாலும் அந்த 'இல்லை' காதில் விழுந்துவிடும். கண்ணால் கேட்கும் மொழியில் அந்த வசதி கிடையாது.

தலையாட்டினால் போதாதா?

நம்ம ஊரில் தலையைச் சாய்த்துச் சாய்த்து ஆட்டினால் 'சரி', இடவலமாகத் திருப்பினால் 'இல்லை'. துருக்கி, கிரேக்க சைகை மொழிகளில் தலையைப் பின்னால் சாய்த்தாலே 'இல்லை'. அமெரிக்க சைகை மொழியில் 'தெரியும்', 'பிடிக்கும்', 'வேண்டும்' போன்ற சில சைகைகளில் மணிக்கட்டை வெளிப்பக்கம் திருப்பினால், அதே சைகை 'தெரியாது', 'பிடிக்காது', 'வேண்டாம்' என்று மாறிவிடும். சைகை உலகம் முழுக்க ஒன்றுதான் என்ற நினைப்பு இங்கேயே அடிபட்டுப் போகிறது.

இரண்டு சைகை, ஒரே சொல்

இன்னொரு குழப்பம் கூட்டுச் சொற்களில். இந்திய சைகை மொழியில் 'ஆண்' சைகையோடு 'திருமணம்' சேர்ந்தால் 'கணவன்'. 'பெண்' சேர்ந்தால் 'மனைவி'. 'கணவருக்குக் காய்ச்சல், லீவு வேண்டும்' என்று ஒரு பெண் கேட்பதை, அரைகுறையாகச் சைகை தெரிந்தவர் 'யாருக்கோ கல்யாணம்' என்று எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. கூட்டுச் சொல்லில் இரண்டு சைகைகளும் சுருங்கி, வேகமாக, ஒன்றாக ஓடிவிடுவதால் பழகாத கண்ணுக்குப் பிடிபடாது.

கேள்விச் சொற்களும் இப்படித்தான். பொதுவாக ஒரே கேள்விச் சைகை. 'இடம்' சேர்ந்தால் எங்கே, 'நேரம்' சேர்ந்தால் எப்போது, 'முகம்' சேர்ந்தால் யார். அமெரிக்க சைகை மொழியில் அம்மாவும் அப்பாவும் சேர்ந்தால் 'பெற்றோர்'. பள்ளியில் படித்த உம்மைத்தொகையேதான்!

வடமாநிலத் தொழிலாளி வந்தால்?

திருப்பூரில் பீகார், ஒடிசா தொழிலாளர்கள் ஏராளம். தமிழ் தெரியாமல் அவர்களும், இந்தி தெரியாமல் நம்மவர்களும் திணறுவது தினசரிக் காட்சி. இந்திய சைகை மொழியில் ஊருக்கு ஊர் சில சைகைகள் மாறினாலும் இலக்கணம் பெரும்பாலும் ஒன்றே என்கிறார்கள் ஆய்வாளர்கள். அதனால் சைகை மொழி தெரிந்த பீகார்க்காரரும் திருப்பூர்க்காரரும் சந்தித்தால், காது கேட்பவர்களைவிடச் சீக்கிரமே பேச்சு ஓட ஆரம்பித்துவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சைகைகளையும் தகவல் தொடர்பு முறையாக ஏற்கிறது. 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் தனியார் நிறுவனங்கள், மாற்றுத்திறனாளிகளுக்கு என்ன வசதி தரப்படும் என்பதைச் சம வாய்ப்புக் கொள்கையில் எழுதி வெளியிட வேண்டும். பனியன் கம்பெனிகளுக்கும் இது பொருந்தும். மத்திய அரசின் சைகை மொழி ஆய்வு மையம் 2021இல் வெளியிட்ட அகராதியில் 10,000 சொற்கள் உள்ளன. அதைப் பார்த்து 'சம்பளம்', 'லீவு' என்று தனித்தனியாக மனப்பாடம் செய்துவிடலாம். 'வாங்கினேனா, வாங்கலையா' என்பது தெரிய, எதிரில் இருப்பவர் கையை இறக்கும்வரை பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.