பருவ வயதுப் பிள்ளையின் மருந்தளவில் ஊகம் வேண்டாம்



பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டதும், மூத்தவனுக்கு வாங்கி மீந்துபோன மாத்திரைகளை அலமாரியில் தேடுவது நம் இல்லங்கள் பலவற்றில் வழக்கமாகிவிட்டது. "பதினான்கு வயதுதானே, பாதி போதும்" என்பார் ஒருவர். "வளர்ந்த பிள்ளை, முழுதாகவே கொடுங்கள்" என்பார் மற்றொருவர். இருவரும் பாசத்தால்தான் பேசுகின்றனர். ஆயினும் இருவர் கூற்றும் ஊகமே. ஆன்டிபயாட்டிக் மருந்தில் ஊகத்திற்கு இடமளிக்கலாகாது.

பதின்ம வயதில் வயதை மட்டும் கொண்டு மருந்தளவை முடிவு செய்ய இயலாது. ஒரே வகுப்பில் 32 கிலோ எடையுள்ள மாணவனும் 60 கிலோ எடையுள்ள மாணவனும் அருகருகே அமர்ந்திருப்பர். எனவேதான் மருத்துவர்கள் எடையைக் கேட்கின்றனர். சான்றாக, அமாக்சிசிலின் மருந்தில் 40 கிலோவுக்குக் குறைந்த பிள்ளைக்கு எடைக்கேற்ப அளவு கணக்கிடப்படுகிறது. 40 கிலோவை எட்டியவருக்குப் பொதுவாகப் பெரியவர்களுக்குரிய அளவே தரப்படுகிறது. இதனோடு நோயின் தன்மை, அதன் கடுமை, சிறுநீரகத்தின் நிலை, முன்பு ஏற்பட்ட ஒவ்வாமை ஆகியவற்றையும் மருத்துவர் கருத்தில் கொள்கிறார்.

அளவைக் கேட்பதற்கு முன், அம்மருந்து தேவைதானா என்று கேட்க வேண்டும். சளியும் ஃபுளூவும் வைரஸால் வருபவை. அவற்றை எவ்வளவு ஆன்டிபயாட்டிக் கொடுத்தாலும் தீர்க்க முடியாது. தொண்டை வலியுடன் பருவ வயதினரைத் தாக்கும் சுரப்பிக் காய்ச்சலும் வைரஸ் நோயே. அதற்கு அமாக்சிசிலின் கொடுத்தால் உடலெங்கும் தடிப்புகள் தோன்றக்கூடும்.

குறைத்துக் கொடுத்தால் தீங்கில்லை என்று எண்ணுவதும் தவறு. பென்சிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945ஆம் ஆண்டு தமது நோபல் உரையிலேயே இதுபற்றி எச்சரித்தார். போதாத அளவு மருந்து கிருமியைக் கொல்லாது; அதனைத் தாங்கும் வலிமையையே கிருமிக்குத் தந்துவிடும். அவ்வாறு வலுப்பெற்ற கிருமி நம் வீட்டோடு நின்றுவிடாது, அண்டை வீட்டாரையும் சென்றடையும். அண்டை வீட்டாரின் உரிமையைப் பேணும் சமுதாயம் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ரமளானில் மற்றொரு சிக்கல் எழுகிறது. நாளுக்கு மூன்று வேளை உண்ண வேண்டிய மாத்திரையை, நோன்பு விடாதிருக்கும் பொருட்டு இரண்டாகக் குறைத்துக்கொள்ளும் பிள்ளைகள் உள்ளனர். எட்டு மணி நேர இடைவெளியில் உண்ண வேண்டிய மருந்தை இஃப்தாருக்கும் ஸஹருக்கும் இடையே முறையாக அடக்க இயலாது. ஒரு வேளையோ இரு வேளையோ உண்ணத்தக்க மாற்று மருந்து உண்டா என மருத்துவரிடம் கேளுங்கள். இல்லையெனில், நோயாளி நோன்பை விட்டு வேறு நாட்களில் களாச் செய்யலாம் என்ற சலுகை அல்பகரா அத்தியாயத்திலேயே இருக்கிறது. அல்லாஹ் அளித்த சலுகையை ஏற்பது ஈமானின் குறைவன்று.

சகோதர சகோதரிகளே, பிள்ளையின் எடையை அறிந்து வைத்திருங்கள். ஒவ்வாமை இருப்பின் மறவாமல் கூறுங்கள். மருத்துவர் குறித்த அளவையும் நாட்களையும் மாற்றாதீர்கள். உறையில் சிவப்புக் கோடு உள்ள மருந்தைச் சீட்டின்றி வாங்காதீர்கள்; ஒருவருக்கு எழுதியதை மற்றவருக்குக் கொடுக்காதீர்கள். பிள்ளையின் உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதனை அறிவோடு பேணும் நற்பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.